வாசல் பக்கத்துக் கட்டில்

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கப் போவதில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். மெட்ராஸ் மெஸ் சாப்பாட்டில் காரம் போதவில்லை என்று போன மாதம் குறைபட்டுக்கொண்டாய். அந்தக் குறையைத் தீர்க்க இங்கே இரண்டு பெண்கள் நெடியில் தும்மித் தும்மி மிளகாய் வறுத்து, பொடி இடித்துக் கொடுத்தனுப்பினோம். அது இன்னும் தீர்ந்திருக்காது. ஆகவே நேராகச் செய்திக்கு வருகிறேன். முந்தாநாள் காலை உன் மனைவி கஸ்தூரியைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. தந்தி அடித்துக் கேட்டிருக்கலாம்தான். என்ன பதில் வரும் என்று தெரிந்திருக்கும்போது தந்தி எதற்கு என்று விட்டுவிட்டேன்.

உன் மகளின் காதுகுத்துக்கு முறுக்கு மாவு வேண்டும் என்று அவள் உரலில் அரிசி இடித்துக்கொண்டிருந்தாள். நான் கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தேன். உலக்கைச் சத்தம் நின்றபோது மாவு சலிக்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். உலக்கை உருண்டு போய்ச் சுவரில் மோதின பிறகுதான் ஓடினேன். உரலுக்குப் பக்கத்தில் சுருண்டு கிடந்தாள். முகத்தில் சொட்டு ரத்தமில்லை. தண்ணீர் தெளித்து எழுப்பி மடியில் சாய்த்துக்கொண்டதும் அவள் பேசிய முதல் பேச்சு, "மாவு கொட்டிடுச்சா அத்த?" என்பதுதான். நான் சுற்றி வளைக்காமல், வெளிக்கு எப்படிப் போகிறது என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். "கொஞ்ச நாளாவே தாரு மாதிரி கறுப்பாத்தான் போவுது அத்த. இத போய் யாருகிட்ட சொல்றது?" என்றாள். வயிற்றுக்குள் புண் இருந்து ரத்தம் கசிந்தால் அப்படித்தான் கறுத்துப் போகும். அது எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதை நீ ஒருநாளும் கேட்டதில்லை, அதனால் இப்போது எழுதுகிறேன்.

எதிர்வீட்டு சைனம்பு தன் வீட்டுக்காரரின் துணிக்கடைக்குப் போகும் ரிக்‌ஷாவைத் தெருமுனையிலேயே மடக்கிக் கூட்டிவந்தாள். "நீ ஏறும்மா மொதல்ல. வூட்ட நான் பூட்டிக்கிறேன், கொழந்தைய நான் பாத்துக்கிறேன்" என்று என்னையும் கஸ்தூரியையும் ஏற்றி அனுப்பினாள். ஆஸ்பத்திரியில் இளம்வயது டாக்டர் ஒருவர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், கண்ணை இழுத்துப் பார்த்தார். "வயித்துல ரொம்ப நாளாவே புண்ணு இருந்திருக்கு. ரத்தம் நெறைய போயிருக்கு. கொறஞ்சது மூணு வாரம் படுக்கணும். இன்னொரு தடவ இந்த மாதிரி ரத்தம் போச்சின்னா ஆபரேசன்தான். இந்த உடம்பு அத தாங்குமான்னு நான் சொல்ல முடியாது" என்றார். கஸ்தூரி என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "வேணாம் அத்த. பொங்கலு முடியட்டும். காதுகுத்து முடிஞ்சதும் நானே வந்து படுத்துக்கறேன். அவரு கோவிச்சுக்குவாரு" என்றாள்.

பொங்கல் முடியட்டும் என்பது அவள் பேச்சில்லை, உன் பேச்சு. இந்த மாதம் முதல் வாரம் நீ வந்திருந்தபோது, வயிறு எரிகிறது என்று அவள் சொன்னாள். நீ பேப்பரை மடிக்காமலே, "பொங்கலு முடியட்டும், காதுகுத்துக்கு அத்தினி பேரு வராங்க, அதுக்கப்புறம் காட்டலாம்" என்றாய். நான் பக்கத்தில்தான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அன்றைக்கே மத்தியானம் உனக்கு இலை போடுமுன் அவள் அடுப்பங்கரை மூலையில் நின்றபடி ஒரு வாய் மோர்ச்சோறு தின்றதை நீ பார்த்துவிட்டாய். திட்டவில்லை, உண்மைதான். சிரித்தாய். "அச்சு அசலு எங்கம்மா மாதிரியே இருக்கியே, திருட்டுப் பூன" என்றாய். அவளும் கூடச் சிரித்துவிட்டு, வாயில் இருந்ததை மெல்லாமல் விழுங்கினாள். நான் நறுக்கின கத்தரிக்காயைத் தண்ணீரில் போட்டேன்.

இந்தக் கடிதம் கையில் கிடைத்ததும் நீ கிளம்பி வருவாய். அதில் எனக்குச் சந்தேகமில்லை. அவளைப் பார்க்க வருகிறாயா, கூட்டிப்போக வருகிறாயா என்பதில்தான் சந்தேகம். புருஷன்காரன் வந்து, நான் கூட்டிப்போகிறேன், எது நடந்தாலும் என் பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டால் இங்கே யாரும் குறுக்கே நிற்க மாட்டார்கள். இவளும் வேண்டாம் என்று சொல்லமாட்டாள். நீ வாசலில் தலையைக் காட்டினால் போதும், எழுந்து புடவையைச் சரிசெய்துகொள்வாள். அதனால் பஸ் ஏறுமுன் இதை முழுக்கப் படித்துவிடு. பாதியில் மடித்துப் பையில் வைக்காதே.

பிரெஞ்சுக் கொடியை இறக்கி நம் கொடியை ஏற்றின வருஷம் உனக்கு நினைவிருக்கும். நீ தோழர்களோடு கடற்கரையில் கத்திக் கத்தித் தொண்டை கட்டி வந்தாய். அந்த மார்கழியில்தான் உன் அப்பாவுக்கு முதல்முறையாக வயிற்று வலி வந்தது. மில்லில் நெசவுப் பகுதியில் இருந்தார்; ஒரு வாரம் பகல் வேலை, ஒரு வாரம் ராத்திரி வேலை, சங்கு ஊதுகிற நேரத்துக்குத்தான் சோறு. வலி வந்த அன்றைக்கே மில் டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். மறுநாளே ஆஸ்பத்திரி. அவர் போன போக்கை நீயும்தான் பார்த்தாயே. முன்னால் அவர், பின்னால் தலையணையைத் தூக்கிக்கொண்டு உன் சித்தப்பா, அதற்குப் பின்னால் சொம்பும் தட்டுமாக நான். தெருவே வாசலுக்கு வந்து நின்று, "பாத்து போய்ட்டு வாப்பா, ஒண்ணும் ஆவாது" என்று வழியனுப்பியது. கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட அவ்வளவு கூட்டம் வராது.

அந்த வருஷம் மட்டும் இல்லை. அடுத்த மார்கழியும் போனார், ஒரு வருஷம் விட்டு இன்னொரு மார்கழியும் போனார். பனி இறங்கினால் ஆண்கள் வார்டில் வயிற்றுப் புண்காரர்கள் நிரம்பிவிடுவார்கள். மில் ஆட்கள், ரிக்‌ஷா மிதிப்பவர்கள், கோர்ட்டில் எழுதுகிறவர், சாராயக் கடையே கதி என்று இருந்த ஒருவர். வருஷா வருஷம் அதே முகங்கள். திருவிழாவில் பார்த்துக்கொள்கிறவர்கள் மாதிரி, "இன்னாப்பா, இந்த வருசமும் வந்துட்டியா?" என்று சிரித்து விசாரித்துக்கொள்வார்கள். மணிக்கொரு தரம் பால். அப்புறம் பாலில் நனைத்த ரொட்டி. அப்புறம் குழைந்த சோறும் மோரும். காரம் கண்ணில் படக் கூடாது, மனக்கவலை கூடாது, சத்தம் போட்டுப் பேசக் கூடாது. வார்டைப் பார்த்துக்கொண்ட கன்னியாஸ்திரியை நாங்கள் மசேர் என்று கூப்பிடுவோம். வெள்ளைக்காரிதான், ஆனால் இந்த ஊரிலேயே தலை நரைத்தவள், தமிழ் நன்றாகப் பேசுவாள். அவள் எங்களிடம் ஒவ்வொரு நாளும் இந்தப் பத்தியத்தைச் சொல்லுவாள். நாங்கள் என்றால் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துக் கிடந்த பெண்டாட்டிமார்கள்.

அந்தக் கட்டிலடியில்தான் எனக்கு இந்த நோயைப் பற்றிய படிப்பு ஆரம்பமாயிற்று. எனக்கு அதற்கு முந்தியே வலி இருந்தது. வெறும் வயிறாக இருந்தால் நெஞ்சுக்குழிக்குக் கீழே யாரோ உட்கார்ந்து பிராண்டுகிற மாதிரி இருக்கும். ஒரு பிடி சோறு உள்ளே போனால் அடங்கும். இரண்டு மூன்று மணி கழித்துத் திரும்ப எழுந்துகொள்ளும். உன் அப்பா டாக்டரிடம் தன் வலியைச் சொன்னபோது, கீழே உட்கார்ந்திருந்த எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு சொல் மாறாமல் என் வலியைத்தான் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்துப் பாயில் இருந்த பெண்ணைப் பார்த்தேன். ரிக்‌ஷாக்காரர் சம்சாரம். முழங்காலை வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "இன்னாம்மா பண்ணுது?" என்றேன். "ஒண்ணுமில்லக்கா, அவருக்கு கஞ்சி குடுத்துட்டு போயி ரெண்டு வாயி துன்னா சரியாப் பூடும்" என்றாள். அந்த வார்டில் மேலே ஒரு வரிசை நோயாளிகள், கீழே ஒரு வரிசை நோயாளிகள். மேலே படுத்தவர்களுக்கு மட்டும் கட்டில் காலில் அட்டை தொங்கியது.

வெந்நீர் பிடிக்கப் போகும்போது பெண்கள் வார்டைத் தாண்டித்தான் போக வேண்டும். மார்கழியில் அங்கே கட்டில்கள் காலியாகக் கிடக்கும். ஆண்களுக்குத் தரையில்கூட இடமில்லையே, இங்கே ஏன் இப்படி என்று ஒருநாள் மசேரிடம் கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பொங்கல் போகட்டும். கல்யாணங்கள் போகட்டும், மாசி மகம் போகட்டும். அப்புறம் வந்து பாரம்மா. நடந்து வரமாட்டார்கள், தூக்கிக்கொண்டு வருவார்கள்" என்றாள். மாசியில் உன் அப்பாவைத் திரும்பக் காட்டப் போனபோது பார்த்தேன். அவள் சொன்னபடியேதான் இருந்தது. வாயில் துணியை வைத்து அமுக்கிக்கொண்டும், கயிற்றுக் கட்டிலோடும், மாட்டு வண்டியிலும் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். எத்தனை நாளாக வலி என்று டாக்டர் கேட்டால் கூட வந்த ஆண்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். வீட்டில் வேலை முடிகிறவரை அந்த வலி யார் காதிலும் விழுந்திருக்கவில்லை.

நம் வீட்டில் என் வலிக்கு வேறு பெயர் இருந்தது. உன் தனம் அத்தை வைத்த பெயர். உன் அப்பாவின் அக்கா, அடுத்த தெருதான், நாளுக்கு இருமுறை வந்து போவாள். ஆண்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் பெண்கள் இலையில் உட்கார வேண்டும் என்பதில் அவ்வளவு கண்டிப்பு. எனக்கோ உலை கொதிக்கும்போதே உயிர் போகும். கதவு மறைவில் நின்று ஒரு பிடி பழைய சோற்றை வாயில் போட்டுக்கொள்வேன். ஒருநாள் கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள். "ஆம்பள ஒருவாயி துன்னறதுக்குள்ள உனக்கு இன்னாடி அப்படியொரு வாயி? வயிறா அது, வண்ணாஞ்சாலா?" என்று நடு வீட்டில் நின்று கேட்டாள். உன் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். நீ அப்போது காலேஜுக்குப் போய்க்கொண்டிருந்தாய், மீசை முளைத்த ஆள். "அம்மா திருட்டுப் பூன அத்த" என்று சிரித்தாய். அதற்குப் பிறகு அரிசிப் பானைக்குப் பின்னால் ஒரு கிண்ணத்தை ஒளித்துவைத்தேன். என் வீட்டில், நான் வடித்த சோற்றை, நான் திருடித் தின்றேன்.

தனம் அத்தை மகளுக்குக் கல்யாணம் நிச்சயமான வருஷம், மார்கழிக் கடைசியில், எனக்குக் கறுப்பாகப் போக ஆரம்பித்தது. நானே நடந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். மசேர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "பெண்கள் வார்டுக்கு மார்கழியில் ஒருத்தி வந்திருக்கிறாளே" என்றாள். படுக்க வைத்தார்கள். ஒரு ராத்திரி படுத்தேன். என் காலமே மாறிவிட்டது போல இருந்தது. யாரோ ஒருத்தி எனக்குப் பால் கொண்டுவந்து கொடுத்தாள். நான் எழுந்து அந்தத் தம்ளரைக் கழுவப் போனேன்; படும்மா என்று அதட்டினாள்.

மறுநாள் உன் அப்பாவும் தனம் அத்தையும் வந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் நலங்குக்கு முந்தியே வந்து தங்கப் போகிறார்கள், இத்தனை பேருக்கு யார் வடித்துக் கொட்டுவது என்று அத்தை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுதாள். "கல்யாணம் முடிஞ்சதும் ஒரு மாசம்கூட வந்து படுத்துக்க, யாரு வேணான்றா?" என்றார் உன் அப்பா. டாக்டர் சத்தம் போட்டார். உன் அப்பா மரியாதையாகக் கேட்டுக்கொண்டார், தலையை ஆட்டினார், பிறகு கையெழுத்துப் போட்டார். தனக்கு அதே ஆஸ்பத்திரியில் மூன்று மார்கழி கிடைத்த மனிதர். அவர் கெட்டவர் இல்லை. குடித்ததில்லை, என்மேல் கை வைத்ததில்லை. என்னை ரிக்‌ஷாவில் ஏற்றும்போது, "பாத்து, பாத்து" என்று கையைப் பிடித்தார். தனக்கு வந்த அதே நோய்தான் எனக்கும் என்று அவருக்கு உறைக்கவே இல்லை என்பதுதான் அவர் போய்ச் சேர்ந்த பிறகும் எனக்கு ஆறவில்லை. வழியில் தெரிந்தவர் ஒருத்தர் நிறுத்தி விசாரித்தபோது, "சும்மாதான், கொஞ்சம் அசதி" என்றார்.

கல்யாணத்தில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. நீ பந்தி விசாரித்துக்கொண்டு, புது வேட்டியில் ஓடிக்கொண்டிருந்தாய். கடைசிப் பந்திக்கு முன் நான் அப்பளம் எடுக்க சாமான் அறைக்குப் போனேன். அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் யாரோ குனிந்து நிற்கிற மாதிரி இருந்தது. தனம் அத்தை. பெண்ணைப் பெற்றவள், பட்டுப்புடவையோடு, கையில் ஒரு பிடி வெறும் சோறு. அவசரம் அவசரமாக வாயில் திணித்துக்கொண்டிருந்தாள். இன்னொரு கை நெஞ்சுக்குழியை அமுக்கிக்கொண்டிருந்தது. அந்தக் கையைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எத்தனை வருஷமாக அவளுக்கும் இருந்ததோ. இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டு நின்றோம். "யாருகிட்டயும் சொல்லிடாதடி" என்றாள். எனக்குப் பரிதாபம் வரவில்லை, கோபம்தான் வந்தது. "டாக்டருகிட்ட போலாம் வா" என்று மட்டும் சொன்னேன். "பொண்ண அனுப்பிட்டு போலாம்" என்றாள். மறுவீட்டு விருந்து, தாலி பிரித்துக் கோக்கிற சடங்கு என்று அவளிடம் இன்னும் வேலை மீதி இருந்தது. அப்பளக் கூடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பெண்ணை மாமியார் வீட்டில் விட்டு வந்த அன்றைக்கு, புடவைகூட மாற்றாமல் விழுந்தாள். வயிறு பலகை மாதிரி இறுகிப்போயிருந்தது. தூக்கிக்கொண்டு போனோம், மசேர் சொன்ன மாதிரியேதான், தூக்கிக்கொண்டு. புண் ஓட்டையாகி உடைந்துவிட்டது என்றார்கள். எவ்வளவு நாளாக வலி என்று டாக்டர் கேட்டார். உன் மாமா விழித்தார். உன் அப்பா விழித்தார். நீயும் அங்கேதான் நின்றாய். நான்தான் பதில் சொன்னேன். சொல்லி என்ன, விடியுமுன் போய்விட்டாள். நீ அன்றைக்கு அழுத அழுகையை நான் மறக்கவில்லை. தலையில் அடித்துக்கொண்டு, "யாருமே சொல்லலியே, சொல்லியிருந்தா பாத்திருக்கலாமே" என்று அழுதாய். நெஞ்சார அழுதாய். அதனால்தான் இந்த மாதம் நீ பேப்பரை மடிக்காமல் பேசியபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கஸ்தூரி சொன்னாளே. உன் முகத்துக்கு நேரே சொன்னாள். சொன்னால் பார்ப்பேன் என்று அழுதவன் நீதானே.

இதைப் படிக்கும்போது, எல்லாம் நீங்கள் வளர்த்த வளர்ப்புதானே என்று உனக்குத் தோன்றும். ஊரும் அப்படித்தான் சொல்லும். அந்தப் பழியை நான் வாங்கிக்கொள்ளப் போவதில்லை. நான் உன்னைச் சோறு போட்டு வளர்த்தேன், படிக்க வைத்தேன். அடுத்த ஆள் வயிற்றில் என்ன எரிகிறது என்று கேட்பதற்குப் படிப்புகூட வேண்டாம், பேப்பரைக் கீழே வைத்தால் போதும். மெட்ராஸில் ஆபீசில் இத்தனை பேரை மேய்க்கிறாய். சாயங்காலமானால் உன் தலைவலிக்கு மாத்திரை வாங்கத் தெரிகிறது. கல்யாணம் ஆன புதிதில் கஸ்தூரியின் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று எனக்குப் பெருமையாகக் காட்டினாய். அந்தக் கண்கள் உனக்கு இருக்கின்றன, இல்லையென்று நான் நம்பத் தயாரில்லை. என் வயிறு எரிந்தபோது நீ சின்னவன், வீட்டு வழக்கத்தில் ஒட்டிக்கொண்டாய் என்று இத்தனை நாள் மனதைத் தேற்றிக்கொண்டேன். இப்போது அதுவும் முடியவில்லை.

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். குழந்தையை சைனம்புவிடமிருந்து வாங்கி வில்லியனூரில் உன் மாமியார் வீட்டில் விட்டாயிற்று. நன்றாக விளையாடுகிறாளாம். காதுகுத்து இந்தத் தையில் கிடையாது. ஒரு வருஷம் கழித்துக் குத்தினாலும் காதுக்கு ஒன்றும் ஆகாது. சொல்லியிருக்கிற வீடுகளுக்கெல்லாம் நீயே போய் வேண்டாமென்று சொல்லிவிட்டு வா. ஏன் என்று கேட்பார்கள். உன் அப்பா மாதிரி, சும்மா கொஞ்சம் அசதி என்று மழுப்பாதே. என் மனைவிக்கு வயிற்றில் புண், ரத்தம் போய்விட்டது, ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று ஒவ்வொரு வாசலிலும் முழுதாகச் சொல். வீட்டுச் சாவி சைனம்புவிடம் இருக்கிறது. அரிசி பானையில், விறகு கொல்லையில். பொங்கலை நீ வைப்பாயோ வைக்காமல் இருப்பாயோ, அது உன் இஷ்டம். இடித்த மாவு வீணாகாமல் சைனம்புவிடம் கொடுத்துவிட்டேன்.

இங்கே பழைய மசேர் இன்னும் இருக்கிறாள், முதுகு கூனிப்போய், கைத்தடியோடு. பொங்கலுக்கு முந்தின வாரத்தில் இந்த வார்டில் பெண்களைப் பார்த்து அவளுக்கே ஆச்சரியம். மற்றக் கட்டில்கள் எல்லாம் வழக்கம்போல் காலி. கஸ்தூரி இன்று காலை பால் குடித்தாள், கொஞ்சம் தூங்கினாள். தூக்கத்தில் வாசல் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டால் விழித்துப் பார்க்கிறாள், நீ வந்துவிட்டாயோ என்று. கூட்டிப்போவாயோ என்று பயமா, கூட்டிப்போக மாட்டாயோ என்று பயமா என்று எனக்குப் புரியவில்லை. அவளுக்கே புரியாது என்று நினைக்கிறேன். என்னைப் பாயில் படுக்கச் சொல்ல மனமில்லாமல், "நீங்க வூட்டுக்கு போங்க அத்த, உங்களுக்கும் முடியாதே" என்று அவள் நேற்றுச் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்த டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். உட்காருங்கம்மா என்றார். வயிற்றை அமுக்கினார், கேட்டார். நான் இந்தமுறை எதையும் மறைக்கவில்லை. அந்தக் கல்யாணத்துக்கு முந்தி ஒரு ராத்திரி இதே வார்டில் படுத்தேன் என்றேன். நீங்களும் படுத்தே ஆக வேண்டும் என்றார்.

ஆக, உன் வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் இப்போது நோயாளிகள். இரண்டு பேருக்கும் கட்டில் காலில் அட்டை தொங்குகிறது. கட்டிலடியில் பாய் விரித்துப் படுக்க ஆள் இல்லை. வந்தால் நீ அங்கே படுத்துக்கொள்ளலாம், இடம் தாராளமாக இருக்கிறது. கஸ்தூரியை உள்ளே சுவரோரம் போட்டிருக்கிறார்கள். எனக்கு அவளுக்குப் பக்கத்துக் கட்டிலைத்தான் கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்லி, வாசலை ஒட்டிய கட்டிலை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். பேனாவை எடுத்துக்கொண்டு வருகிறவன் என்னைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும்.